வாய்க்குச் சர்க்கரை

சமையலறையிலிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது. டம்ளருக்குள் மூன்று சுற்று. பிறகு விளிம்பில் இரண்டு தட்டு. டிங், டிங்.

கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "நாலு மணி ஆயிடுச்சா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்ட பிறகுதான் உடம்பு சில்லிட்டது. வீட்டில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. அப்படிக் கலக்கி அப்படித் தட்டுகிற மனுஷர் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

எழுந்துபோய்ப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. முதல் சில நாள் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். கவிழ்த்து வைத்த டம்ளர் கவிழ்த்தபடியே இருக்கும். மேடை ஈரமில்லாமல் காய்ந்து கிடக்கும். இப்போதெல்லாம் சத்தம் அடங்கும்வரை ஊசியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

ஊசியில் நூல் கோக்க முயன்றாள். நூல் காதுக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, உள்ளே மட்டும் போகவில்லை. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஆனாலும் கழுத்தெல்லாம் வியர்வை. விரல்கள் தம்பாட்டுக்கு ஆடின. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஐம்பத்தேழு ஒரு வயசா?

எதிரே சுவரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, சட்டைப் பையில் பேனா, கொஞ்சம் முன்னால் தள்ளிய தொப்பை.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. நகரத்தின் நடுவில் ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் அவர் லிஃப்ட் ஓட்டினார். இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, "மேலே போகுது, மேலே போகுது!" என்பார். திரும்பும்போது, "இறங்குது, இறங்குது!" அதனாலேயே கட்டடம் முழுக்க அவருக்கு 'மேலேகீழே' என்று பெயர். "மேலேகீழே வந்தாச்சா?" "மேலேகீழே டீ குடிக்கப் போயிருக்கார்." சம்பளச் சீட்டில் மட்டும்தான் அப்பா அம்மா வைத்த பெயர் இருந்தது.

முப்பத்தோரு வருஷம். எத்தனை பேரை எத்தனை மாடி ஏற்றியிருப்பார்! அவர் மட்டும் ஒரு முக்காலியை விட்டு எழுந்ததில்லை. காலையில் உட்கார்ந்தால் மாலைவரை அதே இடம். அதோடு, மாடிக்கு மாடி அவருக்கு ஆள். இரண்டாவது மாடி வக்கீல் ஆபீஸில் டீ வந்தால் அவருக்கும் ஒன்று. நாலாவது மாடியில் யாருக்காவது பிறந்த நாள் என்றால் கேக்கில் அவருக்கு ஒரு பங்கு. ஆறாவது மாடியில் பதவி உயர்வு என்றால் இனிப்புப் பெட்டி நேரே லிஃப்டுக்குத்தான் வரும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷர். ஒரு நாளைக்குப் பத்து டீ. ஒவ்வொன்றிலும் ரெண்டு கரண்டி சர்க்கரை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீட்டில் தானே கலக்குகிற டீயும் அப்படித்தான். மூன்று சுற்று, இரண்டு தட்டு.

ஐந்தாவது மாடியில் ஒரு கிளினிக் இருந்தது. நூற்றுக்கணக்கான நோயாளிகளை அங்கே ஏற்றிவிட்டவர், தனக்கென்று ஒருநாள் அங்கே இறங்கினார். அடிக்கடி தாகம், அடிக்கடி பாத்ரூம், காலில் ஆறாத ஒரு புண். விரலில் ஊசி குத்திப் பார்த்த நர்ஸ் வாயைப் பிளந்துவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து அவர் சொன்ன விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வரும்.

"சக்கரை ஏழாவது மாடிக்குப் போயிடுச்சாம். டாக்டர் தினமும் நடக்கச் சொல்றார். முடிஞ்சா லிஃப்டுல போகாம படியேறணுமாம். நான் படியேறிட்டா லிஃப்டை யாரு ஓட்றது? டாக்டரா?"

அவள் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் அவளுக்கு ஒரே ஒரு சொத்து, அவர். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயாயிற்று. இந்த மனுஷரைக் காப்பாற்றியே தீருவது என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த நாளே சர்க்கரை டப்பா சமையலறையை விட்டு பீரோவுக்குள் போனது. சாவி அவள் இடுப்பில்.

"ஊரு உலகத்துல பீரோவுல நகை வைப்பாங்க. நீ சக்கரையை வெச்சுப் பூட்டறே. திருடன் வந்தா டீ போட்டுக் குடிச்சுட்டுப் போவான்" என்றார் அவர்.

"வரட்டும். அவனுக்கும் சக்கரை இல்லாமதான் குடுப்பேன்."

சோறு பாதியானது. பாதி கால் ஆனது. மதியத்துக்கு ஒரு டப்பா நிறைய வேகவைத்த காய், இரண்டு வெள்ளரித் துண்டு. "இது எனக்கா, இல்ல எதிர்வீட்டு ஆட்டுக்கா?" என்று கேட்டபடி எடுத்துக்கொண்டு போவார். கட்டடத்தில் யாராவது எதையாவது ஊட்டிவிடுவார்களே என்று அவளுக்குப் பயம். ஒருநாள் அவர் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"என்மேல சத்தியம் பண்ணுங்க. என் கையால கொடுத்தாத்தான் இனி சக்கரை. வேற யார் கொடுத்தாலும், நீங்களே எடுத்தாலும், அது நான் செத்ததுக்குச் சமம்."

"அடிப்பாவி! ஒரு ஸ்பூன் சக்கரைக்கு இத்தனை வசனமா?" என்றவர் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, சத்தியம். போதுமா?"

அந்தச் சத்தியத்தை அவர் மீறவே இல்லை. மீறியிருக்கக் கூடாதா! எத்தனையோ பொய்ச் சத்தியம் செய்கிற உலகத்தில், இந்த ஒரு மனுஷர் இந்த ஒரு சத்தியத்தை மீறியிருக்கக் கூடாதா!

மூன்று மாதத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை கூடியது. சாப்பாட்டு இடைவேளையில் படியேறி இறங்கவும் பழகிக்கொண்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையோ அப்படியே இருந்தது. அந்த மாத்திரை, ஏழாவது மாடிக்குப் போன சர்க்கரைக்காகவும் நன்றாகச் சாப்பிடுகிற ஆளுக்காகவும் எழுதியது என்று அவளுக்குத் தெரியாது. சாப்பாடு குறைந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையைப் பார்க்க வேண்டும் என்றும் தெரியாது. சர்க்கரை என்றால் எதிரி. எதிரியை எவ்வளவு அடித்தாலும் தகும். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அன்றைக்கு மூன்றரை மணிக்கு போன் வந்தது. கிளினிக் நர்ஸ். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, அண்ணனுக்குச் சக்கரை ரொம்ப இறங்கிடுச்சு. வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன். பார்த்துக்குங்க."

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இறங்கிவிட்டது! மூன்று மாதத் தவம் பலித்துவிட்டது! சந்தோஷத்தில் ஏதோ சொன்னாள். அந்தப் பக்கம், "சரிக்கா, சரிக்கா" என்று போனை வைத்துவிட்டார்கள்.

நாலேகாலுக்கு அவர் வந்தார். சட்டை நனைந்திருந்தது. மூன்று மாடி ஏறி வந்தவர், வியர்க்காதா என்று நினைத்தாள். வந்தவர் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தார். கை நடுங்கியது.

"இந்தா, ஒரு ஸ்பூன் சக்கரை கொடேன்."

"ஆகா! இறங்கினதும் நாக்கு கேக்குதோ? சிஸ்டர் சொல்லிட்டாங்க எல்லாம். இப்பத்தான் இன்னும் கெட்டியா இருக்கணும்."

"இல்லம்மா... இறங்குது... இறங்குது..."

அவர் அலுவலகக் குரலிலேயே சொன்னார். அதே இழுவை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "டியூட்டி முடிஞ்சாச்சு! இங்க யாரும் லிஃப்டுல ஏறல" என்று சொல்லி, தலையைத் தடவிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டவரைத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றைக்கு அவருக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் சோறு கூடப் போட வேண்டும் என்றுகூட நினைத்தாள். ஆறு மணிக்கு மாத்திரையும் தண்ணீருமாகப் போய்த் தொட்டபோது கை ஜில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு டாக்டர் சொன்னார்: "சர்க்கரை அடியோட இறங்கியிருக்கு. ஒரு வாய் சர்க்கரைத் தண்ணி கொடுத்திருந்தா..." அவள் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிவிட்டார். விழுங்கிய மீதிதான் பதினோரு மாதமாக அவள் தொண்டையில் நிற்கிறது.

அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட. மாரடைப்பு என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளும் தலையாட்டினாள். அவர் போன மூன்றாம் மாதம் அவளுக்கும் சர்க்கரை என்று தெரிந்தது. அதே கிளினிக், அதே வெள்ளை மாத்திரை. மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டாள். சாப்பாடுதான் இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தால், 'இது எனக்கா, ஆட்டுக்கா' என்ற குரல் கேட்கும். தட்டை மூடி வைத்துவிடுவாள். மகள் தினமும் போனில், "சாப்பிட்டியாம்மா?" என்பாள். "ஆச்சு" என்பாள். இன்றைக்கும் காலையில் மாத்திரை, ஒரு வெறும் டீ. மதியம் அதுவும் இல்லை.

கதவு தட்டப்பட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தாள். கிளினிக் நர்ஸ் மூச்சு வாங்க நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை.

"என்னக்கா இது, ஊருக்கே லிஃப்ட் ஓட்டின மனுஷர் லிஃப்ட் இல்லாத வீட்டுல குடியிருந்திருக்காரு!" என்று சிரித்தவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வாங்க சிஸ்டர். உக்காருங்க." குரல் எங்கிருந்தோ வந்தது போல் அவளுக்கே கேட்டது.

"ரெண்டு தடவை செக்கப்புக்கு வரலையே நீங்க. அதான் பார்த்துட்டுப் போகலாம்னு. அப்புறம்... பழைய லிஃப்டைக் கழட்டறாங்க. பட்டன் அமுக்கற புது லிஃப்ட் வருது. அண்ணனோட முக்காலிக்கு அடியில ஒரு தகர டப்பா இருந்துச்சு. உங்ககிட்டதானே சேரணும்."

டப்பாவை மடியில் வாங்கிக்கொண்டாள். ஒரு சீப்பு. மகளின் சின்ன வயசுப் படம் ஒன்று. நாலாக மடித்த ஒரு காகிதப் பொட்டலம். அதன்மேல் நர்ஸின் கையெழுத்து: 'இறங்கினால் உடனே வாயில் போடவும்.'

"இது..."

"நான் மடிச்சுக் கொடுத்ததுக்கா. சக்கரை. கை நடுங்கினா, வேர்த்தா, இதைப் பிரிச்சு வாயில போட்டுக்குங்கன்னு சொல்லியிருந்தேன். எப்பவும் பக்கத்துலயே வெச்சிருப்பாரு. அன்னிக்கும் இருந்திருக்கு. ஏன் பிரிக்கலன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல. நான் கொடுத்த ஜூஸைக்கூட, வேணாம் வேணாம்னு பாதியோட வெச்சுட்டாரு."

அவள் பொட்டலத்தையே பார்த்தாள். மடிப்பு கலையாமல் இருந்தது.

"நான் சத்தியம் வாங்கியிருந்தேன் சிஸ்டர்." உதடு கோணியது. "என் கையாலதான்னு. அதான் என்கிட்ட வந்து கேட்டாரு. நான் குடுக்கல."

நர்ஸ் எழுந்தே விட்டாள். "குடுக்கலையா? என்னக்கா சொல்றீங்க? நான் போன் பண்ணி இறங்கிடுச்சுன்னு சொன்னேனே!"

"இறங்கினா நல்லதுன்னுதானே நெனச்சேன். ஏறினதுதானே நோயி! இறங்கினதும் நோயின்னு எனக்கு யார் சொன்னா?"

"ஐயோ! அப்ப நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க? 'வாய்க்குச் சக்கரை போடணும்'னு நீங்கதானேக்கா சொன்னீங்க? அந்தக் குழந்தை அழுகையில எனக்கு அது ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு. அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு, வீட்டுக்குப் போனதும் வாயில சக்கரை போட்டுடுவாங்கன்னு நிம்மதியா போனை வெச்சேன்."

அவள் நர்ஸை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது உங்க வாய்க்கு சிஸ்டர்," என்றாள். "நல்ல சேதி சொன்னீங்களேன்னு... 'உங்க வாய்க்குச் சக்கரை போடணும்'னு சொன்னேன்."

நர்ஸ் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மனசு குளிர்ந்தால் யாரும் சொல்கிற வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை போன் கம்பி வழியாகப் போய், ஒரு மனுஷரின் வாய்க்கு வரவேண்டிய ஒரு பிடிச் சர்க்கரையைத் தடுத்துவிட்டது.

"நான் கேட்டிருக்கணும்," என்று நர்ஸ் முணுமுணுத்தாள். "புரிஞ்சுதான்னு ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கணும். டாக்டர் வேற அன்னிக்கு இல்ல. அவரை அனுப்பியிருக்கவே கூடாது."

அப்போது மறுபடியும் அவளுக்குக் கரண்டிச் சத்தம் கேட்டது. இம்முறை மிக அருகில். "கேக்குதா சிஸ்டர்? டீ கலக்கறாரு. நாலு மணி ஆனா..." சொல் குழறியது. கையிலிருந்த சீப்பு தரையில் விழுந்தது.

நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பனிக்கட்டி. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. "அக்கா! காலையில என்ன சாப்பிட்டீங்க? மாத்திரை போட்டீங்களா?"

"மாத்திரை... போட்டேன்."

"சாப்பாடு?"

நர்ஸ் பையிலிருந்த கருவியை எடுத்து விரலில் குத்தினாள். எண்ணைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "சக்கரை எங்கக்கா வெச்சிருக்கீங்க? டப்பா எங்க?"

அவள் கை தானாக இடுப்பிலிருந்த சாவியைப் பொத்திக்கொண்டது. "குடுக்க மாட்டேன். அவருக்குக் குடுக்காததை நான் தின்பேனா? விடுங்க சிஸ்டர். இறங்கட்டும். நானும் இறங்கிப் போறேன்."

மயங்குகிற உடம்புக்கு எங்கிருந்துதான் அந்தப் பிடி வந்ததோ, நர்ஸால் விரலைப் பிரிக்க முடியவில்லை. பிறகு மடியில் கிடந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

டம்ளர் நிமிர்ந்தது. தண்ணீர் விழுந்தது. கரண்டி சுற்றியது. கூடத்தில் கண் செருகிக் கிடந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. மூன்று சுற்று இல்லை. அவசர அவசரமாகப் பத்து, பதினைந்து சுற்று. தட்டு இல்லை. ஓ, இது அவர் இல்லை.

"குடிங்கக்கா."

"மாட்டேன்."

"இது பீரோ சக்கரை இல்ல. அண்ணனுக்குன்னு நான் மடிச்சது. பதினோரு மாசம் அவர் முக்காலிக்கடியில காத்துக்கிட்டு இருந்தது. உங்க கையால அவருக்குப் போகல. அவர் டப்பாவுலேர்ந்து உங்களுக்கு வந்திருக்கு. இதையும் வேணாம்னா, அந்த மனுஷரை இன்னொரு தடவை வேணாம்னு சொல்றீங்க." நர்ஸின் குரல் உடைந்தது. "என்னைப் பாருங்க. ஒருத்தரைத்தான் தாங்கிக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேரை என்னால தாங்க முடியாதுக்கா."

அவள் உதடு திறந்தது. இனிப்பு உள்ளே இறங்கியது. பதினோரு மாதத்துக்குப் பிறகு முதல் இனிப்பு. அவள் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே குடித்தாள்.

பதினைந்து நிமிடம் கழித்து நர்ஸ் மறுபடி விரலில் குத்திப் பார்த்தாள். "ஏறுதுக்கா," என்றாள்.

மேலே போகுது, மேலே போகுது. சுவரில் இருந்த காக்கிச் சட்டை சொன்னதா, அவள் காதே சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை.

நர்ஸ் ரொட்டி இரண்டு துண்டும் ஒரு முட்டையும் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட வைத்தாள். சாப்பிடுகிறவரை பேசிக்கொண்டே இருந்தாள். ஏறினால் அது மெதுவாக உள்ளே அரிக்குமாம், வருஷக்கணக்கில். இறங்கினால் நிமிஷத்தில் ஆளைச் சாய்த்துவிடுமாம். மாத்திரை போட்டால் வேளைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். பட்டினி பத்தியம் இல்லை. சோறும் வேண்டும், காயும் வேண்டும், நடையும் வேண்டும், எல்லாம் அளவோடு. நாளைக்குக் காலையில் வந்து டாக்டரிடம் மாத்திரை அளவைக் காட்ட வேண்டும்.

"இதையெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்" என்றாள் அவள். கோபமாக இல்லை. சாதாரணமாக.

"சொல்லியிருக்கலாம்கா." நர்ஸ் தலை குனிந்தாள். "இனிமே யார் வந்தாலும் வீட்டு ஆளையும் உக்கார வெச்சு, என்ன புரிஞ்சுதுன்னு திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். பள்ளிக்கூட டீச்சர்னு கிண்டல் பண்ணினா பண்ணட்டும்."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு நடுவிலிருந்து டப்பாவை எடுத்துப் போய்ச் சமையலறை மேடையில், அவர் வைக்கிற இடத்தில், வைத்தாள். பிறகு போனை எடுத்து நர்ஸிடமே நீட்டினாள். "என் பொண்ணுக்குப் போடுங்க. நாளைக்குக் கிளினிக்குக்கு அவளும் வரட்டும். அவகிட்ட நான் ஒண்ணு சொல்லணும்."

மகள் காலை பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தாள். வாசலைத் தாண்டி, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி, "இறங்கறேன்க்கா" என்றாள்.

சொன்ன பிறகு இருவரும் அசையாமல் நின்றார்கள்.

"பார்த்து இறங்குங்க சிஸ்டர்" என்றாள் அவள்.

செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கீழே போயிற்று. அது தேயும்வரை கதவைப் பிடித்தபடி நின்றாள். கை நடுங்கவில்லை. வியர்க்கவில்லை. தலை தெளிவாக இருந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால், சமையலறையில், மூன்று சுற்று. இரண்டு தட்டு. டிங், டிங்.

அவள் திரும்பவில்லை.

"இருங்க, வரேன். இனி நானே கலக்கித் தரேன்" என்றாள். கதவைச் சாத்தினாள்.